அந்த அரிசிப் பை வீடியோக்களை எடுத்துவிடுங்கள், தம்பிகளே

மதுரையைச் சுற்றி நாடகம், கரகாட்டம், நையாண்டி மேளம் என்று படம் பிடித்து யூடியூபில் போடும் சேனல் தம்பிகளுக்கு,

வணக்கம். நாடகத்துக்குப் பின்பாட்டு ஆர்மோனியம் வாசிப்பவன் எழுதுகிறேன். பெயர் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கேமரா ஸ்டாண்டை வைக்க என் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இடம் கேட்பீர்கள்.

கொரோனாக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத் தை பிறந்து ஆடி முடிவதற்குள் சம்பாதித்தால்தான் வருஷம் ஓடும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைக்கும் பேசிய தேதிகள் டைரியிலேயே நின்றுபோயின. மீனாட்சி கல்யாணத்தையே அந்த மே மாதம் போனில் நேரலையாகத்தான் பார்த்தோம். அழகர் வைகைக்கு வரவில்லை. மறுவருஷமும் அதே கதைதான்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் நீங்கள் கேமராவோடு வந்தீர்கள். மொட்டை மாடியில் சேலையைத் திரையாகக் கட்டி வள்ளி திருமணம் எடுத்தீர்கள். எதிரே சனமே இல்லாமல் பபூன் ஜோக் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். ஆனாலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள், பணமும் அனுப்பினார்கள். அதை நான் மறக்கவில்லை, எங்களில் யாரும் மறக்க மாட்டோம்.

அதோடு இன்னொன்றும் எடுத்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நாடகத்தில் நாயகன் வேஷம் கட்டும் எங்கள் ராஜபார்ட் அண்ணன் வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், பருப்போடு ஒரு சேனல்காரர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். ‘கொஞ்சம் கஷ்டத்தைச் சொல்லுங்கண்ணே, பாக்குறவங்க உதவி பண்ணுவாங்க’ என்றார். அண்ணன் சொன்னார். கண் கலங்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். பை கைமாறியது ஃபிரேமில் சரியாக விழவில்லை என்று, கொடுத்த பையைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை கொடுத்தார். முருகனாகவும் அரிச்சந்திரனாகவும் நின்ற மனுஷன், லுங்கியோடு வாசலில் நின்று அதே அரிசியை இரண்டு தரம் வாங்கினார். ‘சோத்துக்குக் கையேந்தும் முருகன்’ என்று தலைப்பு, முகத்துக்கு நேரே ஒரு சிவப்பு அம்புக்குறி.

அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. முன்னால் விளம்பரமும் வருகிறது.

இந்த வருஷம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தேதி பேசப் போனோம். கமிட்டியில் இருந்த ஓர் இளவட்டம் போனை எடுத்து அதைப் போட்டுக் காட்டினார். ‘அரிசிக்கே அல்லாடுன ஆளு, இம்புட்டுக் கேக்குறீகளேண்ணே?’ விடிய விடிய வள்ளியோடு தர்க்கம் பண்ணுகிற அண்ணன் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ராஜபார்ட் சம்பளம் இறங்கினால் மிருதங்கம், பபூன், ஆர்மோனியம் எல்லாருக்கும் இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே கேட்கிறேன்: அந்த அரிசிப் பை வீடியோக்களை எடுத்துவிடுங்கள்.

சட்டம் பேச எனக்கு ஆசையில்லை. ஆனாலும் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை இருக்கிறது. நடிகர், பாடகரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூட அதில் சேர்த்திருக்கிறார்கள். நிகழ்த்தியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் பெயர் கெடும்படி நிகழ்ச்சியைச் சிதைக்கக் கூடாது என்று 2012-ல் திருத்தமும் வந்தது. வியாபாரத்துக்குப் பயன்பட்டால் பங்கும் உண்டு. பாம்பாட்டிக்கு இருக்கிற மரியாதை ராஜபார்ட்டுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அரிசி வாங்கியது நடிப்பில் சேராது என்பீர்கள். இரண்டு டேக் எடுத்தீர்களே தம்பி, அப்புறம் அது என்னவாம்?

பங்கு கூட வேண்டாம், நாடகத்தையாவது நாடகமாகப் போடுகிறீர்களா? ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பதில் நீங்கள் வெட்டிப் போடுவது பபூனும் டான்ஸ் வேஷக்காரரும் பேசும் இரட்டை அர்த்தத்தைத்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இதே மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழு தொடங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் உங்கள் ஷார்ட்ஸுக்குள் அடங்காது, பாவம். கரகாட்டத்துக்கும் ஆடல் பாடலுக்கும் அனுமதி கேட்டு ஹைகோர்ட் கிளைக்குப் போனால் ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். போடத்தான் செய்வார்கள். மேடையில் அது இல்லவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஓர் ஊர்ப் பொட்டலோடு போயிருக்க வேண்டியதை உலகம் பூராவும் கொண்டுபோனது யார்? கூத்தாடி என்றாலே இவ்வளவுதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைவரை நினைக்கவைத்தது யார்? ஊர் முடங்கிக் கிடந்தபோது எங்கள் அழுகைக்கு வியூஸ் வந்தது, ஊர் திறந்தபின் எங்கள் அசிங்கத்துக்கு வருகிறது. நடுவில் நாங்கள் பாடியதற்கு எவ்வளவு வந்தது என்று ஒரு நாள் கணக்கு எடுத்துப் பாருங்கள்.

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது. உங்களோடு சண்டைக்கு வரவில்லை. நாளைக்கு எங்கள் நாடகத்துக்கு நீங்கள் வந்தால் மேடை ஓரத்தில் இடம் விட்டுத்தான் தருவேன். இன்னொரு நோயோ வெள்ளமோ வந்தால், முடிந்ததைக் கொடுங்கள், கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போதைக்குத் தயவுசெய்து அந்த வீடியோக்களை எடுத்துவிடுங்கள். அழிக்க மனசு வரவில்லை என்றால் பிரைவேட்டில் போட்டு வையுங்கள். தை மாதம் தேதி பேசத் தொடங்கிவிடுவோம், அதற்குள் செய்துகொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பின்பாட்டு ஆர்மோனியம்,
மதுரை