ஆளில்லா நிலமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய நிலவரைபடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்குநிலத்தின் நிலவரைபடத் தாள் ஒன்றை அச்சிட்டு, ‘மனிதச் சுவடே படாத மேட்டுச் சமவெளி’ என்று கீழே குறிப்பு எழுதியிருந்தீர்கள். அந்தக் குறிப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

தாள் முழுக்கப் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள், இடையிடையே நீல ஓடைகள். வீட்டைக் காட்டும் சிறிய கறுப்புச் சதுரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே ஆண்டாண்டுகளாக லகோட்டா மக்கள் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே பெரும்பரப்பை அவர்களுக்கென்று அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட 1868 உடன்படிக்கை உறுதி செய்தது. பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் தென்பட்டதும் 1877இல் அந்த மலை கைவிட்டுப் போனது. மிச்சத்தை 1889இல் கூறுபோட்டார்கள். அதில் ஒரு கூறுதான் பைன் ரிட்ஜ். மறு ஆண்டு டிசம்பர் 29 அன்று, லகோட்டா ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 150 பேருக்கு மேல் ராணுவத்தால் கொல்லப்பட்ட வூண்டட் நீ ஓடையும் இந்த ஒதுக்குநிலத்தில்தான் ஓடுகிறது.

நீங்கள் அச்சிட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தாள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942இல் அமெரிக்கப் போர்த்துறை, விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று சுமார் 3,40,000 ஏக்கரை எடுத்துக்கொண்டது. பெரும்பகுதி இந்த ஒதுக்குநிலத்தின் வடபுறம். ஏறத்தாழ 125 குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றும் வேலை ஓயவில்லை. அந்த நிலத்தில் ஒரு பகுதி இப்போது பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் தென்பிரிவு. ஆளரவமற்ற அழகு என்று பயணிகள் வியக்கும் இடத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தியது அரசு!

வரைந்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார்கள்! அளவையாளர் அன்று கண்ணில் பட்டதை வரைந்தார். அதற்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதுவது நம் பொறுப்பு.

இந்தத் தொடர் நூலாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு, 1942இல் நடந்ததை அந்தப் படத்தின் கீழேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்