‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’: யாருக்குச் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆவிக்குரிய அதிகாரம் பற்றிச் சென்ற மாத இதழில் வந்த கட்டுரை, குருப்பட்டம் பெற்றவரை, அதாவது பேராயர் (பிஷப்) கை வைத்து ஏற்படுத்திய போதகரை, கேள்வி கேட்பவன் தேவனையே கேள்வி கேட்கிறான் என்று முடித்து, ஆதாரமாகச் சங்கீதம் 103:15-ஐக் காட்டியிருந்தது. கட்டுரையாளர் நினைத்தது ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்’ என்ற 105:15 என்பதும், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் சொந்த நிலமின்றி ஊர் ஊராய்த் திரிந்த நாளில், அவர்களைத் தொடக்கூடாதென்று ராஜாக்களைக் கடிந்து சொன்ன வார்த்தை அது என்பதும் தாங்கள் அறியாததல்ல. ராஜாக்களுக்குச் சொன்னதை ஆலயத்தின் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குத் திருப்பிவிடுவது நல்ல வேத ஆராய்ச்சிதான்!

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சேகரத்தின் (போதகர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) கூட்டத்தில், அசனத்துக்கு, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு, வந்த அரிசியில் மீந்த மூட்டைகள் எங்கே என்று கேட்ட எனக்கும் இதே வசனம்தான் பதிலாகக் கிடைத்தது. அடுத்த மாதம் என் பேத்தியின் திருமண ஓலையை, அதாவது ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கும் திருமண அறிவிப்பை, முதல் ஞாயிறு வாசிக்க ‘மறந்துவிட்டார்கள்’. 71 வயதில் வெஸ்ட்ரி (ஆலயத்தில் போதகரின் அறை) வாசலில் கைகட்டி நின்ற பிறகே இரண்டாம் ஞாயிறு ஞாபகம் வந்தது.

என் தகப்பனார் 34 ஆண்டுகள் உபதேசியார், குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். அங்கி கிடையாது. நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தாலும் அரிக்கேன் விளக்கோடு போய், உடலை எடுக்கும்வரை அந்த வீட்டுத் திண்ணையைவிட்டு எழமாட்டார். பங்காளிச் சண்டை முற்றினால் போலீசுக்குப் போகுமுன் ஊரார் அவரிடம்தான் வந்தார்கள். அந்த அதிகாரத்தை அவருக்கு எந்தப் பேராயரும் கை வைத்துக் கொடுக்கவில்லை. அவர் மறைவுக்குத் தங்கள் இதழில் இரண்டு வரி. அதே பக்கத்தில் ஒரு பெரியவரின் பிறந்தநாளுக்கு அரைப் பக்கம். அதை நான் அப்போது எழுதவில்லை.

ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்த பிராமண விதவை குளோரிந்தா அம்மையார்தான் 1785-இல் பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பினார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பேராயர்களின் கைவைப்பைப் பெறாத போதகர்களையும் மறுபடி குருப்பட்டம் கொடுக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக இங்கிலாந்தில் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. ஒழுங்குக்குப் பேராயர் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் சீஷரின் கால்களைக் கழுவியவரிடமிருந்து வருகிற அதிகாரம், மூட்டைக் கணக்கைக் கேட்டதும் கோபப்படுமா?

வசன எண்ணையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். தாங்கள் அச்சிட்ட 103:15, மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பானவை என்கிறது. கட்டுரையாளருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடவும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.