நூற்றாண்டு விழாவை ஹட்டனில் எடுங்கள்: பாராளுமன்றப் பெண் உறுப்பினர்கள் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

வணக்கம். 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துக்கு 2027இல் நூறு வயது. 2031இல் சர்வஜன வாக்குரிமைக்கும் நூறு. இரண்டையும் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். முத்திரை வரும், மலர் வரும், கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுவீர்கள். நல்லது, நடக்கட்டும். ஆனால் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு மலையகத்துக்காரியின் கோரிக்கையையும் கொஞ்சம் கேளுங்கள். பிரதான விழாவைத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் வையுங்கள்.

ஏன் ஹட்டன்? அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்தபோது நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான் காரணம். சங்கத்தின் தலைவி டெய்சி டயஸ் பண்டாரநாயக்க, செயலாளர் அக்னஸ் டி சில்வா. டொக்டர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர், கனடாவிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரட்ணம் போன்றவர்களும் அதில் இருந்தார்கள். பெரிய இடத்துப் பெண்கள்தான், மறைப்பதற்கில்லை. அவர்கள் கேட்கப் போனதும் எல்லோருக்குமான வாக்கு கிடையாது, வரையறுக்கப்பட்ட வாக்குரிமைதான். சாட்சியத்தின் நடுவே ஆணைக்குழுத் தலைவர் டொனமூர் பிரபு கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா? அக்னஸ் சொன்னார்: "நிச்சயமாக. அவர்களும் பெண்கள்தானே. எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும்." இதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியில் ஒரு பொறி இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைவிட்டுப் போய்விடும் என்று கண்டித் தலைவர்கள் பயந்துகொண்டிருந்த நேரம் அது. அக்னஸின் கணவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியில் அரசியல் செய்தவர். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று அக்னஸ் மழுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தமிழர் பக்கத்துப் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? பெண் பிள்ளைகளுக்கென்று 1913இல் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குக் கூடாது என்று நின்றார். அவர் பெயரைச் சொல்லி விழா எடுப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு முப்பது வயதில் வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்று முடிவானது. சட்டவாக்கப் பேரவையில் அந்தச் சீர்திருத்தம் 19க்கு 17 என்று மயிரிழையில் தப்பியது. 1931இல் தேர்தல். யாழ்ப்பாணத்தில் இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால் அங்குள்ள பெண்கள் 1934 வரை காத்திருந்தார்கள்.

தோட்டத்துப் பெண்களுக்கு அந்த வாக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில்தான் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போனார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுவது வழக்கம். அவர் பாட்டு எழுதினார், கூட்டத்தில் முதலில் நின்று பாடினார். பாட்டுச் சத்தம் கேட்டு லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கும் என்பார்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட உரிமையைத் தேயிலை மலையில் தமிழில் கேட்டவர் அவர். முத்திரையில் அக்னஸுக்குப் பக்கத்தில் இவர் முகம் இல்லாவிட்டால் அது பாதி முத்திரைதான்.

இனி, விழா மேடைகளில் யாரும் தொடாத பகுதிக்கு வருகிறேன். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் அவர்கள் வாக்கைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டம். 1947இல் வாக்களித்த பெண் 1952இல் பட்டியலில் இல்லை. நூற்றாண்டு என்று நாம் கொண்டாடப் போவது எங்களைப் பொறுத்தவரை நடுவில் பெரிய ஓட்டை விழுந்த நூற்றாண்டு.

1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. விழாவில் அவர் படம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். படத்துக்குக் கீழே 1960 என்று எழுதும்போது 1964 என்றும் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு பெண் உச்சிக்குப் போனால் மற்றப் பெண்களுக்கெல்லாம் வழி தானாகத் திறந்துவிடும் என்று இன்றைய இளம் தலைவிகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகுதான் முதல் வாக்கு. இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலில் எது மை, எது கறை என்றே தெரியவில்லை. அதற்கும் அசராமல் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அப்பாயி வீட்டுக்குள் வந்தார்.

2024 தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் வந்தார்கள். உள்ளூராட்சியில் 25 சதவீத ஒதுக்கீடு 2018இல் நடைமுறைக்கு வந்ததால் பிரதேச சபைகளிலும் எங்கள் பெண்கள் இருக்கிறார்கள். பட்டியலை நிரப்ப ஆள் தேவை என்று கூட்டிவந்து உட்காரவைத்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் சபையில் தோட்டப் பாதையைப் பற்றிப் பேசினால், "அது தோட்ட நிர்வாகத்தின் வேலை" என்று மற்றவர்கள் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டுவிட்டது. இது தெரிந்த உறுப்பினர் அங்கேயே பதில் சொல்வார். அக்னஸின் கதை இவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்: இக்கட்டான கேள்வி கேட்கப்படும் அறையில் அப்படிப் பதில் சொன்ன ஒரு பெண் இருந்தார் என்று.

ஆகவே விழாவை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் வருகிற பெண்களுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடும்படி நிர்வாகங்களுக்கு எழுதுங்கள். அரைப் பேருக்கு யாரும் வரமாட்டார்கள், வரச் சொல்லவும் நமக்கு முகம் இல்லை. அமைச்சர்களுக்கு முன் பிரதேச சபைப் பெண்களிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். நாடற்றவர்களாக வளர்ந்த கிழவிகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். விழாச் செலவில் ஒரு பங்கை எடுத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அதை 2031 வரை தள்ளிப்போட முடியாது. வரலாற்றுப் பாடநூலில் அக்னஸின் பதிலும் 1949ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே பக்கத்தில் வரட்டும். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி