கண்ணியம் கருதி நீக்கப்பட்ட என் தாயார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நினைவஞ்சலிப் பகுதிக்கு என் தாயாரைப் பற்றி நான் எழுதியனுப்பிய குறிப்பை வெளியிட்டமைக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தக் குறிப்பின் அடியில், ‘பகுதியின் கண்ணியம் கருதிச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்தச் சில இடங்கள் எவை என்று என்னிடமிருந்த பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் தாயார் பேசிய வாக்கியங்கள் ஒன்று விடாமல் போயிருந்தன. யாருடைய தாயாரைப் பற்றியும் யாரும் சொல்லக்கூடிய வாக்கியங்கள் பத்திரமாக இருந்தன. போதாததற்கு, நான் எழுதாத ‘தியாகத்தின் திருவுருவம்’, ‘அதிர்ந்து பேசாதவர்’ என்ற இரண்டு தொடர்கள் புதிதாக முளைத்திருந்தன. படித்துவிட்டு என் மகள், “அப்பா, இது யாரோட பாட்டி?” என்று கேட்டாள்.

அதிர்ந்து பேசாதவர் என்பதை மட்டும் ஒருவகையில் ஒப்புக்கொள்ளலாம். அவர் அதிராமல்தான் பேசுவார், கேட்டவர்கள்தாம் அதிர்வார்கள்.

விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, இறந்தவரைக் கேலிக்குரியவராகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வரிகள் எடுக்கப்பட்டன என்று ஒருவர் மிகுந்த பொறுமையுடன் எனக்குப் பாடம் நடத்தினார். கேலி செய்தவர் யார், கேலிக்கு ஆளானவர் யார் என்பதையே கவனியாமல் கத்தரிக்கோலை எடுத்தவருக்கு நான் என்ன பதில் சொல்வது? மனத்தின் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்திய தொல்காப்பியம், நகை என்னும் சிரிப்பை முதலில் வைத்து, அதன் பக்கத்திலேயே அழுகையை வைத்திருப்பது தாங்கள் அறியாததல்ல. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தங்கள் நினைவஞ்சலிப் பகுதியில் அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீக்கப்பட்டவற்றுள் அவருடைய காதொலிக் கருவியைப் பற்றிய பத்தியும் ஒன்று. வயதான காலத்தில் அவருக்குக் காது மந்தமானது. கருவி வாங்கிக் கொடுத்தோம். அதில் போடும் சிறிய பொத்தான் பேட்டரி, மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்துக் காற்றுப் பட்டதுமே செலவாகத் தொடங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னதை அவர் மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டார். அதன்பின் யாராவது சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால், காதைத் தொட்டுக்காட்டி, “பேட்டரி ஓடிக்கிட்டிருக்கு, விஷயத்துக்கு வா” என்பார். அப்படியும் விஷயத்துக்கு வராதவர்கள் முன்னால் கருவியைக் கழற்றி, டப்பாவில் வைத்து, மூடியை டக்கென்று அழுத்திவிட்டு, “நீங்க பேசுங்க, நான் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிறேன்” என்று புன்னகையோடு உட்கார்ந்துகொள்வார். எங்கள் உறவினர்களில் பெரிய பேச்சாளர்கள் இரண்டு பேர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டது அந்த மூடிச் சத்தத்தால்தான். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவர்கள் மணிக்கணக்கில் உளறினாலும் கருவி காதிலேயே இருக்கும்.

இதில் எந்த இடத்தில் கண்ணியம் குறைகிறது என்று தாங்களே சொல்ல வேண்டும்.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. எனக்கு வேலை போன சமயத்தில், துக்கம் விசாரிப்பது போலத் தொங்கிய முகங்களோடு உறவினர்கள் வந்து வாசலில் நின்றார்கள். என் தாயார் அவர்களைப் பார்த்து, “போனது வேலைதான், பையன் உள்ளேதான் இருக்கான். உள்ள வந்து உக்காருங்க” என்றார். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், அறைக்குள் ஒளிந்துகொண்டிருந்த நானும் வெளியே வந்தேன். அந்த ஒரு வாக்கியம் எனக்குச் செய்ததை எந்த அறிவுரையும் செய்திருக்காது. அதையும் தங்கள் அலுவலகம் நீக்கி, ‘மகனின் துன்பத்தில் தோள் கொடுத்தார்’ என்று மாற்றியிருக்கிறது. தோள் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு, ஐயா. அந்த வாய் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

இது இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. சென்ற ஆண்டு தாங்கள் வெளியிட்ட அன்னையர் தினச் சிறப்புப் பகுதியில் அத்தனை தாய்மாரும் மெழுகுவர்த்தியாக உருகினார்கள். ஒருவர் பெயரை எடுத்து இன்னொருவர் பெயரைப் போட்டாலும் பெற்ற பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது. அதைக் குறிப்பிட்டு அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. அமெரிக்காவில் 1914இல் அன்னையர் தினம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படக் காரணமாக இருந்த அன்னா ஜார்விஸ், பிற்காலத்தில் அந்த நாளின் வியாபாரத்தையே எதிர்த்துப் போராடினார் என்பதும், பெற்ற தாய்க்குச் சொந்தமாக நாலு வரி எழுதச் சோம்பல்பட்டு அச்சடித்த வாழ்த்து அட்டையை வாங்கி அனுப்புகிறவர்கள்மேல் அவருக்கு இருந்த கோபமும் தங்களைப் போன்றவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியவை அல்ல. எழுதி அனுப்புகிறவர்களின் சொந்த வரிகளையே அச்சடித்த அட்டையாக மாற்றித் தரும் ஒரு பத்திரிகையைப் பார்த்திருந்தால் அந்த அம்மையார் என்ன சொல்லியிருப்பாரோ.

அதே இதழின் நகைச்சுவைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே மனைவி உண்டு, மாமியார் உண்டு, பாட்டி உண்டு. எல்லோரும் சிரிக்கப்படுவதற்காக வந்து நிற்கிறார்கள். ஒரு பெண் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதாக ஒரு துணுக்கை அங்கே நான் பார்த்ததில்லை. கிழவியைக் கேலி செய்வது நகைச்சுவை, கிழவி கேலி செய்வது கண்ணியக் குறைவு என்ற இந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

என் தாயார் தங்கள் இதழைக் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் படிப்பார். நினைவஞ்சலிகளை ஒன்று விடாமல் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, “இந்தப் பக்கத்தில மட்டும் கெட்டவங்களே கிடையாது. கெட்டவங்க யாரும் சாகிறதில்ல போலிருக்கு” என்பார். இந்த வரியையும் அனுப்பியிருந்தேன். இது ஏன் வெளிவரவில்லை என்பதற்கு மட்டும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லண்டன் டெய்லி டெலிகிராப் நாளிதழில் 1986 முதல் 1994 வரை இரங்கல் குறிப்புகளுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த ஹியூ மாசிங்பெர்ட், இறந்தவர்களின் கிறுக்குத்தனங்களையும் வேடிக்கைப் பேச்சையும் மறைக்காமல் எழுதவைத்தே அந்தப் பகுதிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளைப் படித்தவர்கள் இறந்தவர்களை இழிவாக நினைத்துவிடவில்லை. இவரை நேரில் பார்க்காமல் போனோமே என்றுதான் நினைத்தார்கள். என் தாயாரைப் பற்றித் தங்கள் வாசகர்களும் அப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. நீக்கிய எல்லாவற்றையும் திரும்பப் போடச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரியை அடுத்த இதழில் வெளியிட்டால் போதும். அவர் மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கட்டிலைச் சுற்றி அழுத கண்களோடு நின்றுகொண்டிருந்தோம். ஒரு கண்ணை மட்டும் திறந்து எல்லோரையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “என்ன, எல்லாரும் வந்திருக்கீங்க? ஏதாவது விசேஷமா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே” என்றார். பேத்தி அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இடம் போதாது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நான் எழுதாத அந்த இரண்டு தொடர்கள் பிடித்துக்கொண்ட இடத்துக்கு வாடகையாகவாவது இந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ளலாம். கூடவே, குறிப்போடு நான் அனுப்பியிருந்த, அவர் வாய்விட்டுச் சிரிக்கும் புகைப்படத்தையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தாங்கள் வெளியிட்ட, அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அதை எங்கள் வீட்டில் யாரும் தேடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்