குழு அறிவிப்பு: கட்டட ஆவணங்கள் இனி ஒரே இணைப்பில்

அனைவருக்கும் வணக்கம். அனுமதி வரைபடம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுச் சான்றிதழ், மண் பரிசோதனை அறிக்கை எல்லாம் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. இணைப்பைக் குழுவில் மேலே பின் செய்திருக்கிறோம். அதற்கான கியூஆர் கோடு சைட் வாசல் பலகையிலும் இருக்கிறது. யார் ஸ்கேன் செய்தாலும் பார்க்கலாம், திருத்த முடியாது.

தெருவில் போகிறவர்கூடப் பார்க்கலாம் என்பதால் விற்பனை ஒப்பந்தம், ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது எதுவும் அதில் வேண்டாம்.

ஏற்றும் அனுமதி உள்ளவர்களுக்கு: வரைபடம் மாறினால் பழைய பிடிஎஃப்பை அழிக்காதீர்கள். கம்பி கட்டுபவர் வரை பலருக்கு அந்தக் கோப்பின் தனி இணைப்பு போயிருக்கிறது. அழித்தால் அது திறக்காது. பழைய கோப்பின் மேலேயே புதிய பதிப்பாக ஏற்றினால் இணைப்பு மாறாது. திருத்த எண்ணும் தேதியும் வரைபடத்திலேயே தெரிய வேண்டும். பழைய வரைபடத்தைப் பார்த்து கம்பி கட்டிவிட்டால் அப்புறம் உடைக்கத்தான் வேண்டும்!

2016 ரெரா சட்டப்படி கட்டுநர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணி விவரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் இணைப்பும் ஃபோல்டரில் இருக்கிறது.

ஸ்கேன் செய்ததும் பணமோ ஓடிபியோ கேட்டால் அது நம் கோடு இல்லை, யாரோ மேலே ஒட்டியது. உடனே இங்கே சொல்லுங்கள்.