புலி விழித்திருக்கும் நேரத்துக்குப் போங்கள்

அன்புள்ள மகளுக்கு,

விடுமுறைக்குப் போகிற ஊரில் ஒருநாளை மிருகக்காட்சிசாலைக்கென்று ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. இந்த வயதில் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பதினோரு மணிக்கு உள்ளே போய், எல்லாக் கூண்டையும் சுற்றி முடித்து, மாலையில் திரும்புவது என்று நீங்கள் போட்டிருக்கும் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப் போனால் பிள்ளைகள் தூங்குகிற முதுகுகளைத்தான் பார்ப்பார்கள்.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கும். கூண்டில் இருப்பதால் வந்த சோம்பல் இல்லை இது, காட்டிலும் அப்படித்தான். புலி, சிறுத்தை போன்ற பெரும்பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். வெயில் ஏறிவிட்டால் நிழலில், பாறைக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணுக்கு எட்டாத மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே கதவு திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். காலையில் இரவுக் கொட்டடியிலிருந்து விலங்குகளை வெளியே விடுவதற்குமுன் பராமரிப்பாளர்கள் அடைப்பிடத்தைக் கூட்டிக் கழுவி, அங்கங்கே தீனியை ஒளித்து, சில நாட்களில் புது வாசனை எதையாவது தடவி வைத்திருப்பார்கள். வெளியே வந்ததும் விலங்கு ஒவ்வொரு கட்டையாக முகர்ந்து, தன் எல்லையை மறுபடியும் குறித்துக்கொண்டு ஒரு சுற்று வரும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற காட்சி அதற்குப் பிறகு நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காது.

முந்தின நாளே இரண்டு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள். பல காட்சிசாலைகளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு. நுழைவுச்சீட்டு கொடுப்பதையும் பூட்டுகிற நேரத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கும் முன்போ நிறுத்திவிடுவார்கள். தீனி போடும் நேரத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவார்கள். பெரும்பூனைகளுக்குப் பல இடங்களில் சாயங்காலம் கொட்டடிக்குள் வைத்துத்தான் இறைச்சி போடுவார்கள், அதை வெளியார் பார்க்க முடியாது. வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுகிற வழக்கமும் உண்டு. காட்டில் தினமும் இரை கிடைப்பதில்லை. அடைபட்ட உடம்பு கொழுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. நீர்நாய், பென்குயின், கூழைக்கடா போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் எல்லாரும் பார்க்கத் தீனி போடுவார்கள். வாசல் பலகையில் நேரம் எழுதியிருக்கும். ஒன்று அல்லது இரண்டைக் குறித்துக்கொண்டால் போதும். எல்லா நேரத்துக்கும் ஓடினால் பிள்ளைகள் எதையும் நின்று பார்க்க மாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் முதல் கூண்டிலேயே தேங்கிவிடும். நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். வாசல் வரைபடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைசிக் கோடிக்குப் போய், அங்கிருந்து வாசல் நோக்கி வாருங்கள். பேட்டரி வண்டி இருந்தால் அதைப் போகும்போது பயன்படுத்துங்கள், திரும்புவது நடையாக இருக்கட்டும். புலி, கரடி, யானை முதலில். நிழலும் கூரையும் உள்ள இடங்கள் நண்பகலுக்கு. பெரிய காட்சிசாலையில் நான்கைந்து கிலோமீட்டர் நடை சர்வசாதாரணமாக வந்துவிடும். சின்னவள் இப்போது தள்ளுவண்டியில் உட்கார மறுக்கிறாள் என்பது தெரியும், ஆனாலும் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடு. முதல் மணி நேரத்தில் அதில் பைதான் இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் அவள் இருப்பாள். பயணப் பெட்டிகளோடு வந்தால் லாக்கர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு விலங்கு பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், ஒன்று நீங்கள் சேருங்கள். அந்த ஐந்திடத்திலும் நின்று பாருங்கள், மற்றவை வழியில் வந்தால் வரட்டும். நிற்பது என்றால் குறைந்தது பத்து நிமிடம். நீர்யானைக் குளத்துக்கு வருகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டும். பெரியவனைக் கடிகாரம் பார்த்து எண்ணச் சொல். முதலை அப்படி இல்லை, மணிக்கணக்கில் அசையாது. உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கத்தான் ஆட்கள் கல்லெறிகிறார்கள். கண்ணையும் தொண்டைக்கடியில் உள்ள தோலையும் மட்டும் பார்க்கச் சொல், மூச்சு தெரியும். உள்ளே நடந்து போகக்கூடிய பறவைக் கூடத்தில் நடப்பதைவிட உட்காருவதே மேல். உள்ளே வருகிறவர்களின் சத்தத்துக்கு மேலே ஏறிவிடும் பறவைகள், பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் கீழே இறங்கி வரும். சின்னவள் சிங்கத்தை விட்டுவிட்டு வழியில் போகும் அணிலைப் பார்த்துக்கொண்டு நின்றால் இழுக்காதே. மூன்று வயதுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பெரிது.

வெயில் ஏறியதும் ஊர்வன கூடம், மீன் கூடம், இரவாடிகள் கூடம் ஆகியவற்றுக்குள் போய்விடுங்கள். பாம்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை என்று தோன்றினால் முதலில் சூட்டு விளக்குக்கு அடியில் பார், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு உச்சிக் கிளை, கடைசியாகக் கண்ணாடியை ஒட்டிய உன் பக்கத்து மூலை. இரவாடிகள் கூடத்தில் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றி விளக்குப் போட்டிருப்பார்கள். நமக்குப் பகலாக இருக்கும்போது அவற்றுக்கு இரவு. உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. சுவரோரமாகப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். ஒரே ஒரு தடவை கைப்பேசித் திரை ஒளிர்ந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். உங்களுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்பவர்களுக்கும். கண்ணாடியைத் தட்டவும் விடாதே. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும். நமக்கு லேசான தட்டல், தொட்டிக்குள் இருக்கும் மீனுக்குத் தப்பி ஓட இடமில்லாத அதிர்ச்சி.

உடல்மொழியைக் கொஞ்சம் சொல்லிக் கொடு. சிம்பன்சி பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று எல்லாரும் கைதட்டுவார்கள், பெரும்பாலும் அது பயம். கொரில்லாவின் கண்ணை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல்; பக்கவாட்டில் திரும்பி நின்று பார்க்கட்டும். கம்பிவலைக்குப் பக்கத்தில் புலி முதுகைத் திருப்பி வாலைத் தூக்கினால் உடனே விலகுங்கள். அது சிறுநீரைப் பின்னோக்கிப் பீய்ச்சும், இரண்டு மூன்று மீட்டர்வரை எட்டும், நாற்றம் துணியை விட்டு லேசில் போகாது. நீர்யானை சாணத்தை வாலால் விசிறியடிக்கும். சிம்பன்சி கைக்குக் கிடைத்ததை எறியும்.

யாருக்காவது சளி, இருமல் இருந்தால் குரங்குகள் இருக்கும் பக்கம் அன்றைக்குப் போக வேண்டாம். நம்முடைய மூச்சு நோய்கள் மனிதக்குரங்குகளுக்கும் தொற்றும். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் சான் டியேகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கொரோனா தொற்றியது. காட்சிசாலைக்காரர்களே சொல்லி விற்கிற தீனியைத் தவிர வேறு எதையும் எந்த விலங்குக்கும் கொடுக்காதீர்கள். மான் பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும். செரிக்காது, வெளியேறவும் செய்யாது. இரைப்பை நிறைந்தே இருப்பதால் மான் தின்பதை நிறுத்தி மெலிந்து சாகும். குளத்தில் காசு போடுவதையும் பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடக் கூடாது. 2017-இல் தாய்லாந்தில் ஒரு கடலாமையின் வயிற்றிலிருந்து 915 நாணயங்களை அறுவை செய்து எடுத்தார்கள். அதிர்ஷ்டம் வரும் என்று மக்கள் போட்ட காசு. ஆமை பிழைக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நன்றாகத் தெரியட்டும் என்று பிள்ளையைத் தடுப்புக் கம்பியின்மேல் உட்கார வைப்பதோ நிற்க வைப்பதோ கூடவே கூடாது. தெரியவில்லை என்றால் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நிற்கட்டும். 2016-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி காட்சிசாலையில் மூன்று வயதுச் சிறுவன் தடுப்பைத் தாண்டி கொரில்லா அகழிக்குள் விழுந்துவிட்டான். பிள்ளையை மீட்பதற்காகக் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். நொடிப்பொழுது கவனம் பிசகியதற்கு அந்த விலங்கு உயிரைக் கொடுத்தது. பெரும்பூனைக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளை ஓட விடுவதும் வேண்டாம். சின்ன உருவம், ஓட்டம், திரும்பிய முதுகு மூன்றும் அதற்கு இரையின் அடையாளம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் பாயும். பிள்ளைக்கு ஆபத்து இல்லை, ஆனால் புலி முட்டிக்கொள்ளும்.

உள்ளே போவதற்குமுன் வாசலில் பிள்ளைகளை நிற்க வைத்து முழு உருவமாகப் படம் எடு. காணாமல் போனால் என்ன நிறச் சட்டை என்று யோசிக்க வேண்டாம், படத்தைக் காட்டலாம். சின்னவளின் மணிக்கட்டில் பேனாவால் உன் எண்ணை எழுது. பெரியவனுக்குச் சொல்: வழி தவறினால் தேடி அலையாதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் மட்டும் பேசு.

விலங்குகளைப் படம் எடுக்க ஃபிளாஷை அணைத்துவிடு, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திட்டுதான் விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வை, கருநிறச் சட்டை போட்டிருந்தால் உன் நிழலுருவமும் விழாது. கம்பிவலை என்றால் நிழலில் இருக்கும் வலைப்பகுதியாகப் பார்த்து லென்ஸை அதன் பக்கத்தில் கொண்டுபோ. விலங்கு வலையைவிட்டுத் தள்ளி நிற்கும்போது எடுத்தால் கம்பி மங்கி மறைந்துவிடும்.

ஆடு, முயல் தொட்டுப் பார்க்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம், ஆபத்தும் அங்கேதான் அதிகம். ஆரோக்கியமாகத் தெரியும் ஆட்டின் சாணத்தில்கூட ஈ.கோலை கிருமி இருக்கலாம். அதில் ஒருவகை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும். தள்ளுவண்டி, பால் புட்டி, சூப்பி எதையும் உள்ளே கொண்டுபோகாதே. வெளியே வந்ததும் சோப்புப் போட்டு இருபது நொடி ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் அந்த இடத்துக்கே போகாதீர்கள். அதற்காகக் குட்டியைப் பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயிடமிருந்து பிரிப்பார்கள். சில மாதத்தில் அது கையாள முடியாத அளவுக்கு வளர்ந்துவிடும், அடுத்த குட்டி வேண்டும். அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே இதைத் தடுத்தார்கள்.

பெரியவன் நிச்சயம் கேட்பான், இதையெல்லாம் ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று. மழுப்பாதே. ஒரே தடத்தில் போய்ப்போய், ஒரே இடத்தில் ஒரே மாதிரி திரும்பி நடக்கும் கரடியைக் காட்டினால் "உடற்பயிற்சி செய்கிறது" என்று சொல்லாதே. தீனி நேரத்தில் கதவோரம் நடப்பது எதிர்பார்ப்பு. நாள் முழுக்க அப்படி நடந்தால் அந்த இடம் அதற்குப் போதவில்லை என்று பொருள், அதை அப்படியே சொல். காயமோ சோர்வோ கண்ணில் பட்டால் கூண்டின் பெயரையும் நேரத்தையும் குறித்து ஊழியரிடம் தெரிவியுங்கள். நல்ல பக்கத்தையும் சொல்லலாம். அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்மான் 1972-இல் காட்டில் அடியோடு அழிந்தது. அதற்குமுன்பே, 1960-களில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் காட்சிசாலையில் ஒரு சிறு மந்தையைச் சேர்த்து வளர்த்திருந்தார்கள். அதன் வழி வந்தவை 1982-இல் ஓமான் பாலைவனத்தில் விடப்பட்டன. பிறகு கள்ளவேட்டை அந்த மந்தையை மறுபடியும் பெரிதாகக் குறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல். அவனுக்கு இரண்டும் புரியும்.

மூன்று மணி நேரத்தில் சின்னவள் சிணுங்க ஆரம்பித்தால் கிளம்பிவிடுங்கள். கொடுத்த காசுக்காக இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். அதே நாளில் திரும்ப உள்ளே வர முத்திரை போட்டுத் தருவார்களா என்று போகும்போது வாசலில் கேள். தந்தால் தங்குமிடத்துக்குப் போய்த் தூங்கவிட்டு, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் திரும்பலாம். அப்போது கூட்டம் குறைந்திருக்கும், விலங்குகளும் தீனிக்காகக் கொட்டடிக் கதவுப் பக்கம் வந்து நிற்கும். மூடுகிற மணிவரை காத்திருக்காதே, பாதி விலங்குகளை அதற்கு முன்பே கொட்டடிக்குள் விட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா