ஊசிக்கு முன் இடுப்பெலும்பைத் தொட்டுப் பாருங்கள்

குமரி மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்கும் சினை ஊசி போடும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கன்று ஈன்று மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வராத கலப்பினப் பசு என்றால், முட்டை வெளியாகத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் ஊசியைத்தான் முதலில் எடுக்கிறோம். பலிக்காவிட்டால் மருந்து சரியில்லை என்கிறோம். மாட்டை விற்றுவிடச் சொல்கிறோம். மெலிந்த மாட்டில் கோளாறு மருந்தில் இல்லை. அந்த மருந்து, முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. எல்.எச்.சை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் (ஹார்மோனைப் பிடிக்கும் செல் புரதங்கள்) சினைப்பையில் இன்னும் உருவாகவில்லை.

ஈன்ற முதல் வாரங்களில் மாடு தின்னும் தீவனம் கறக்கும் பாலுக்கு ஈடாவதில்லை. இரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. அதனால் கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பிகள் குறைகின்றன. அந்த ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைப் போதிய அளவு தருவதில்லை. சினைமுட்டைக் கொப்புளத்தின் உட்சுவரில் உள்ள கிரானுலோசா செல்கள் இந்தக் காரணியைத் தம் ஏற்பியில் பிடித்தால்தான் கொப்புளத்தை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கு நன்றாக இணங்கும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், பிறகு எல்.எச். ஏற்பிகளையும் உண்டாக்கும். பசுவில் முதன்மைக் கொப்புளம் சுமார் 8.5 மி.மீ. அளவில் மற்றவற்றை முந்துகிறது. ஏறக்குறைய 10 மி.மீ. ஆன பிறகே எல்.எச். பட்டால் வெடிக்கும் திறன் வருகிறது. அதைவிடச் சிறியவை மட்டும் இருக்கும்போது ஊசி போட்டால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்.சை விடத்தான் செய்யும், கொப்புளம் அசையாது. மருந்தின் அளவைக் கூட்டியும் பயனில்லை.

ஒரு ஏற்பி எவ்வளவு செய்யும் என்பதற்கு வங்கத்துச் சுந்தரவனத்தின் கரோல் செம்மறியே சாட்சி. பி.எம்.பி.ஆர்-1பி என்ற ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் அது ஈற்றுக்கு இரண்டு, மூன்று குட்டிகள் போடுகிறது. இந்த மரபணு மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டது.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழை பெய்தும் பசும்புல்லுக்கு இடமில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் நிழலில் தீவனப்புல் சரியாக வளராது. வைக்கோலும் மரச்சீனியும்தான் கைக்கு எட்டுகின்றன. மரச்சீனிக் கிழங்கில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதோடு பிண்ணாக்கு சேராவிட்டால் புரதம் போதாது. இலையைக் கொடுப்பவர்களிடம் நன்றாக வாடவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பச்சையில் சயனைடு நஞ்சு உண்டு. தென்னந்தோப்பு உள்ளவர்கள் வெயில் விழும் இடைவெளியில் கம்பு நேப்பியர் புல் நடலாம்.

எனவே ஊசியைக் கையில் எடுக்கும் முன் மாட்டின் உடல்நிலைக்கு 1 (மிக மெலிந்தது) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பெண் போடுங்கள். இடுப்பில் பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகள் விரலுக்குக் கூராகத் தட்டுப்பட்டு, வாலடியில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மதிப்பெண் 2-ஐத் தாண்டாது. ஈனும்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும். ஈன்ற பின் அரைக்கு மேல் இறங்கக் கூடாது. அடுத்து, சினைப்பையைப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை பரிசோதியுங்கள். நேற்று முட்டை வெளியான மாட்டிலும், அந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு இன்று கைக்குப் படாது. ஒரு முறை பார்த்துவிட்டுச் சினைப்பை இயங்கவில்லை என்று எழுதினால் தவறிப்போகும். இருமுறையும் வழவழவென்று சிறுத்திருந்தால் அந்த மாட்டுக்கு முதலில் தீவனம்தான் மருந்து.

உடல் பராமரிப்புக்கு 1.5 முதல் 2 கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம், தினமும் தாது உப்புக் கலவை 50 கிராம். அடர்தீவனத்தை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். வயிற்றில் அமிலம் கூடி மாடு தீனியையே விட்டுவிடும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள். இன்று நன்றாகத் தின்றாலும் அடுத்த வாரமே பருவம் வராது. வெடிக்கப்போகும் கொப்புளம் பல வாரங்களுக்கு முன்பே வளரத் தொடங்கியது. பட்டினிக் காலத்தின் குறை அதில் தங்கியிருக்கும். இதை மாட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், நடுவில் மனம் சலித்து விற்க மாட்டார்கள்.

சினை ஊசிப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வரையுங்கள்: ஈன்ற அன்றும், 30-ஆம் நாளும், 60-ஆம் நாளும் உடல்நிலை மதிப்பெண். அந்தக் கட்டம் நிரம்பாத மாட்டுக்கு ஹார்மோன் ஊசி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்நடை இனப்பெருக்கத் துறையில் பணிபுரிவோர்,
நாகர்கோவில்